பேரிடருக்குப் பின் எதை முதலில் வாங்குவது: வீட்டைக் கழுவும் சாமானா, பொருளைக் காப்பாற்றும் சாமானா?

வெள்ளம் வடிந்ததும், அல்லது தீ அணைந்து இனி உள்ளே போகலாம் என்று சொன்னதும், எல்லாரும் ஓடிப்போய் வாங்குவது ஒரே மாதிரி சாமான்கள்தான்: துடைப்பம், வாளி, ப்ளீச், பினாயில், பெரிய குப்பைப் பை. இதில் தப்பு ஒன்றும் இல்லை, எல்லாமே தேவைப்படும். ஆனால் கவனித்துப் பாருங்கள், இது முழுக்க வீட்டைக் கழுவுவதற்கான பட்டியல். வீட்டுக்குள் இருந்த போட்டோ, பத்திரம், புத்தகம், துணி, கம்ப்யூட்டர் இவற்றைக் காப்பாற்ற இதில் ஒரு சாமான்கூட இல்லை. அதற்குத் தனிப் பட்டியல் இருக்கிறது. ஜிப் வைத்த பிளாஸ்டிக் பை, ஓட்டைகள் உள்ள பிளாஸ்டிக் கூடை, மெழுகுத் தாள், கொடிக்கயிறு, கிளிப், மின்விசிறி, பென்சில் என்று பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லாதது போலத் தெரியும் பட்டியல். கையில் காசும் நேரமும் ஆளும் குறைவாக இருக்கும்போது இந்த இரண்டில் எதற்கு முதலிடம் தருவது?

என் கருத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். முதலில் உங்கள் உடம்பைக் காக்கும் சாமான், அடுத்து பொருளைக் காப்பாற்றும் சாமான், கழுவும் சாமான் மூன்றாவது. காரணம் பூஞ்சை. நனைந்த காகிதத்திலும் துணியிலும் மரத்திலும் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிடும். தரையில் கிடக்கும் சேறு காய்ந்து இறுகினால் பெயர்த்தெடுக்க முதுகு ஒடியும் என்பது உண்மைதான், ஆனாலும் நாலு நாள் கழித்து மண்வெட்டி போட்டால் அதே தரை வெளியே வந்துவிடும். ஒன்றோடொன்று ஒட்டிக் காய்ந்துபோன போட்டோவுக்கு எந்த மண்வெட்டியும் உதவாது. முதல் இரண்டு நாளைத் தரை தேய்ப்பதிலேயே கழித்துவிட்டு, மூன்றாம் நாள் அலமாரியைத் திறந்து பார்த்து அழுபவர்கள் நிறையப் பேர். அவர்கள் சோம்பேறிகள் இல்லை, உயிரைக் கொடுத்து வேலை செய்தவர்கள். வேலையின் வரிசைதான் மாறிப்போனது.

முதலில் உடம்பு. முகக்கவசத்தில் உங்கள் முன் இருக்கும் வழிகள் துணி முகக்கவசம், மருத்துவமனைகளில் போடும் மெல்லிய முகக்கவசம், என்-95, வடிகட்டி மாட்டும் ரப்பர் கவசம். துணியும் மெல்லியதும் பூஞ்சை வித்துக்கும் சாம்பல் தூளுக்கும் போதாது, ஓரங்களில் காற்று தாராளமாகப் புகுந்துவிடும். என்-95 என்பது 0.3 மைக்ரான் அளவுத் துகள்களில் குறைந்தது 95 சதவீதத்தைத் தடுப்பது, ஆனால் அது முகத்தோடு ஒட்டி உட்கார்ந்தால்தான். தாடி இருந்தால் அந்தக் கணக்கே மாறிவிடும். பி-100 வடிகட்டி மாட்டிய ரப்பர் கவசம் 99.97 சதவீதம் வரை தடுக்கும், பல நாள் வேலை என்றால் வசதியும் கூட, விலைதான் அதிகம். வெள்ள வீட்டுக்கு என்-95 போதும் என்பேன். எரிந்த வீட்டில் சாம்பலைக் கிளற வேண்டும் என்றால் பி-100 நல்லது. ஒன்றை மறக்க வேண்டாம்: இவை தூசிக்கு மட்டும்தான், ப்ளீச் வாயுவையோ ஜெனரேட்டர் புகையையோ தடுக்காது. பழைய கட்டடத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரையோ தகடோ உடைந்து கிடந்தால் அதில் கையே வைக்காமல் பயிற்சி பெற்றவர்களிடம் விட்டுவிடுங்கள்.

கையுறையில் ஒன்றை வாங்கினால் போதாது. ரப்பர் கையுறை தண்ணீரைத் தடுக்கும், கண்ணாடிச் சில்லைத் தடுக்காது. தோல் கையுறை சில்லைத் தடுக்கும், ஆனால் அழுக்குத் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு நாள் முழுக்க உங்கள் தோலோடு ஒட்டவைத்திருக்கும். உள்ளே மெல்லிய நைட்ரைல் (ஒரு வகைச் செயற்கை ரப்பர்) கையுறை, வெளியே தடித்தது என்று இரண்டடுக்காகப் போடுவதுதான் சரி. போட்டோவைத் தொடும் நேரத்தில் வெளியுறையைக் கழற்றிவிட்டு மெல்லியதோடு மட்டும் வேலை செய்யலாம். காலுக்கு முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ், அதிலும் அடிப்பாகம் தடித்ததாக இருக்கட்டும், சேற்றுக்குள் ஆணி மறைந்திருக்கும். டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருடம் ஆனது என்பதையும் இந்த நேரத்தில் யோசித்துவிடுங்கள். கண்ணுக்குக் காற்றுத் துளை இல்லாத மூடிய கண்ணாடி. இவ்வளவுதான், இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம். இந்தச் சாமான்களை மட்டுமாவது பேரிடருக்கு முன்பே வாங்கி வையுங்கள், ஏனென்றால் வெள்ளத்துக்கு மறுநாள் கடைகளில் முதலில் தீர்ந்துபோவது இவைதான். வைக்கும்போது பரணிலோ மேல்மாடியிலோ வையுங்கள். தரைமட்ட அலமாரியில் வைத்தால் அதுவும் சேர்ந்து மூழ்கும்.

முன்கூட்டியே வாங்குவதா, நடந்தபின் வாங்குவதா என்ற கேள்வியும் இதோடு சேர்ந்ததுதான். கையுறை, பூட்ஸ், பை, கயிறு, கிளிப், பென்சில் எல்லாம் கெட்டுப்போகாது, முன்பே வாங்கலாம். ப்ளீச்சை மட்டும் வாங்கிக் குவிக்காதீர்கள், மாதங்கள் போகப் போக அதன் வீரியம் குறையும். ப்ளீச்சிங் பவுடரும் அப்படித்தான், ஈரக்காற்று பட்டால் இன்னும் வேகமாக. வாளிக்குள் எல்லாம் அடுக்கிக் கொடுக்கும் ஆயத்தத் துப்புரவுப் பெட்டி நிவாரணமாகக் கிடைத்தால் தயங்காமல் வாங்கிக்கொள்ளுங்கள், அவசரத்துக்கு அது பெரிய உதவி. காசு கொடுத்து வாங்குவதாக இருந்தால் நான் வாங்க மாட்டேன். அதில் பெரும்பாலும் தேய்ப்பான், சோப்பு, ஒரு ஜோடி கையுறை, சில பைகள் இருக்கும், பொருளைக் காப்பாற்றும் பக்கத்துக்கு எதுவும் இருக்காது. தனித்தனியாக வாங்கினால் உங்கள் வீட்டில் என்ன இருக்கிறதோ அதற்கேற்ப வாங்கலாம். புத்தகம் நிறைந்த வீட்டுக்கும் துணி நிறைந்த வீட்டுக்கும் தேவை ஒன்றல்ல.

இனி, பொருளைக் காப்பாற்றும் சாமான்கள். இங்கே நீங்கள் எடுக்கும் பெரிய முடிவு, காற்றில் உலர்த்துவதா, உறையவைப்பதா என்பது. அந்த முடிவைப் பொறுத்துத்தான் என்ன வாங்குவது என்பது அமையும்.

காற்றில் உலர்த்துவதற்குச் செலவு குறைவு. கொடிக்கயிறு, பிளாஸ்டிக் கிளிப், கொசுவலைச் சட்டம் மாதிரி ஏதாவது ஒரு வலை, அச்சில்லாத உறிஞ்சு தாள், மின்விசிறி போதும். செய்தித்தாளை நேராகப் போட்டோவுக்கு அடியில் விரிக்காதீர்கள், மை இறங்கும். இந்த முறையின் சிக்கல் இடமும் ஆளும். ஒரே ஒரு ஆல்பத்தைப் பிரித்துப் பரப்பிப் பாருங்கள், ஒரு மேசை முழுசாக நிறைந்துவிடும். ஒரு பெட்டி போட்டோவுக்கு ஓர் அறை போதாது, அந்த அறையும் நனையாத அறையாக இருக்க வேண்டும். வெள்ளம் புகுந்த வீட்டில் அதற்கு எங்கே போவது?

உறையவைப்பதன் நன்மை, அவகாசம் கிடைப்பது. நனைந்த பத்திரத்தையும் புத்தகத்தையும் போட்டோவையும் உறைபெட்டியில் (ஃப்ரீசரில்) வைத்துவிட்டால் பூஞ்சை வளர்வது நின்றுபோகும். அழிவதில்லை, நிற்கும், அவ்வளவுதான். ஆனால் அது போதும். வீட்டு வேலையெல்லாம் ஓய்ந்தபின், வாரங்களோ மாதங்களோ கழித்து, கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுத்து உலர்த்திக்கொள்ளலாம். இதற்குத் தேவையானவை ஜிப் பை, மெழுகுத் தாள், பென்சில், அப்புறம் மின்சாரம் உள்ள இடத்தில் ஓர் உறைபெட்டி. உங்கள் வீட்டில் கரண்ட் இருக்காது என்பதால் உறவினர் வீட்டிலோ நண்பர் வீட்டிலோ இடம் கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம், இரண்டு தட்டு இடம் கொடுத்தால்கூட ஒரு குடும்பத்தின் அத்தனை பத்திரங்களும் பிழைத்துவிடும்.

இது வெறும் வீட்டு வைத்தியம் இல்லை. 1966 நவம்பர் 4 அன்று ஆர்னோ ஆறு இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகருக்குள் புகுந்தபோது, தேசிய மத்திய நூலகத்தின் ஏராளமான நூல்கள் சேற்றில் மூழ்கின. அவற்றைக் காயவைக்க அன்று புகையிலை உலர்த்தும் சூளைகள் வரை பயன்படுத்த வேண்டியிருந்தது. 1972 ஜூனில் ஆக்னஸ் புயல் வெள்ளம் நியூயார்க் மாநிலத்தின் கார்னிங் கண்ணாடி அருங்காட்சியகத்துக்குள் புகுந்தபோது, நனைந்த நூலகப் புத்தகங்களை உறையவைத்து நிறுத்தி வைத்துவிட்டு நிதானமாக உலர்த்தினார்கள். இன்று நூலகங்களும் ஆவணக் காப்பகங்களும் கடைப்பிடிக்கும் வழி அதுதான். அவர்களிடம் பெரிய கருவி இருக்கிறது, நம்மிடம் சமையலறை உறைபெட்டி இருக்கிறது. வீட்டு உறைபெட்டி மெதுவாகத்தான் உறையவைக்கும், அதனால் கொஞ்சம் சேதம் வரலாம். பூஞ்சை பிடித்து மொத்தமும் போவதோடு ஒப்பிட்டால் அது பெரிதில்லை.

செய்முறையில் நுணுக்கம் இருக்கிறது. போட்டோவின் படப்பக்கத்தைத் தொடக்கூடாது, நனைந்த நிலையில் அந்தப் படலம் கூழ் போல இளகியிருக்கும், விரல் பட்டால் முகமே வழிந்துவிடும். ஓரத்தைப் பிடித்து, சுத்தமான குளிர்ந்த நீர் உள்ள தட்டில் மெல்ல அலசி எடுங்கள். இரண்டு படம் ஒட்டிக்கொண்டிருந்தால் இழுக்காதீர்கள், நீரிலேயே ஊறட்டும், பல நேரம் தானாகப் பிரியும். சட்டத்துக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தைக் கண்ணாடியோடு சேர்த்தே அலசி, பிரிக்காமல் வையுங்கள். உறையவைக்கும் முன் ஒவ்வொரு படத்துக்கும் நடுவே ஒரு மெழுகுத் தாள் கட்டாயம். புத்தகமாக இருந்தால் திறக்கவே வேண்டாம், மூடியபடியே சேற்றை அலசிவிட்டு, தாளில் சுற்றி, முதுகுப்பக்கம் கீழே இருக்கும்படி ஒரே வரிசையாகக் கூடையில் நிறுத்துங்கள். பளபளக்கும் வழவழத் தாளில் அச்சான புத்தகத்துக்கு முதலிடம் கொடுங்கள், காய்ந்தால் பக்கங்கள் சேர்ந்து ஒரே கட்டியாகிவிடும். ஒலிநாடா, வீடியோ கேசட், ஹார்ட் டிஸ்க், பழைய கண்ணாடி நெகட்டிவ், வண்ண ஓவியம் இவற்றை உறையவைக்கக் கூடாது.

அப்படியானால் எது? பத்து இருபது படம், நான்கைந்து பத்திரம், உலர்ந்த ஓர் அறை என்றால் காற்றே போதும். அதற்கு மேல் இருந்தால் யோசிக்காமல் உறையவையுங்கள். வெயிலில் காயப்போடுவதோ ஹேர் டிரையரோ இஸ்திரிப் பெட்டியோ இரண்டிலுமே வேண்டாம். தாள் சுருண்டுவிடும், மரம் வெடிக்கும், சாயம் வெளுக்கும். மர அலமாரியையும் நிழலில்தான் உலர்த்த வேண்டும். ஊறிப்போய் இழுப்பறை திறக்கவில்லை என்றால் முன்னால் நின்று இழுக்காமல் பின்பலகையைக் கழற்றிப் பின்னாலிருந்து தள்ளுங்கள்.

எடுத்துச் செல்ல அட்டைப்பெட்டியா பிளாஸ்டிக் கூடையா என்றால், அட்டைப்பெட்டி எளிதாகக் கிடைக்கும், அதுதான் அதன் ஒரே நன்மை. நனைந்த காகிதத்தின் எடையைத் தாங்காமல் அடி பிய்ந்துவிடும், தண்ணீரும் உள்ளேயே தேங்கும். 1973 ஜூலையில் அமெரிக்காவின் செயின்ட் லூயி நகர் அருகே ராணுவப் பணியாளர் ஆவணக் காப்பகம் எரிந்தது. தீயணைப்புத் தண்ணீரில் நனைந்த கோப்புகளை அங்கே பால் பாக்கெட் எடுத்துச்செல்லும் மாதிரியான பிளாஸ்டிக் கூடைகளில் அடுக்கி, விண்வெளிப் பயணச் சோதனைக்குப் பயன்பட்ட வெற்றிட அறையில் வைத்து உலர்த்தினார்கள். அந்தக் கூடையில் தண்ணீர் வடியும், காற்று புகும், அடுக்கினாலும் நசுங்காது. நாலைந்து கூடை கிடைத்தால் வாங்கி வையுங்கள், மற்ற நாளில் காய்கறி போட்டுக்கொள்ளலாம்.

அறையை உலர்த்த மின்விசிறியா, ஈரம் உறிஞ்சும் இயந்திரமா? வெளிக்காற்று உள்ளே இருப்பதைவிட உலர்ந்திருந்தால் ஜன்னலைத் திறந்து, விசிறியை வெளிப்பக்கம் காற்றைத் தள்ளும்படி வைத்தாலே போதும். மழை விடாமல் பெய்துகொண்டு வெளிக்காற்றே நசநசவென்று இருந்தால் ஜன்னலைத் திறப்பதில் பயனில்லை, அப்போது கதவையெல்லாம் அடைத்துவிட்டு இயந்திரத்தை ஓட்ட வேண்டும், ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் நல்லது. பூஞ்சை ஏற்கெனவே பிடித்திருந்தால் விசிறி போடாதீர்கள், அதன் வித்துகளை வீடு முழுக்கப் பரப்பிவிடும். இந்த இயந்திரத்தை ஒரு வீட்டுக்காகச் சொந்தமாக வாங்குவது வீண். வாடகைக்கு எடுங்கள், அல்லது நாலைந்து வீடு சேர்ந்து வாங்கி முறை வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் இறைக்கும் பம்பும் ஜெனரேட்டரும் அப்படியே. ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ வாசலிலோ வைக்கக் கூடாது, வீட்டிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, திறந்த வெளியில் வையுங்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, வெள்ளத்தில் தப்பியவர்கள் அதில் செத்துப்போவது கொடுமை. நிலவறையில் வெள்ளம் நின்றால் ஒரே மூச்சில் இறைக்காமல் நாளுக்கு மூன்றில் ஒரு பங்காக இறையுங்கள். வெளியே நீர் ஊறிய மண் அழுத்திக்கொண்டிருக்க, உள்ளே சட்டென்று காலியானால் சுவர் இடிந்து விழலாம்.

கடைசியாகக் கழுவும் சாமான். ப்ளீச்சா சோப்பா என்றால், பெரும்பாலான வேலைக்குச் சோப்பும் தண்ணீரும் தேய்ப்பானும்தான். சேறு இருக்கும் இடத்தில் ப்ளீச்சை ஊற்றினால் அதன் வீரியம் முழுதும் சேற்றிலேயே தீர்ந்துபோகும், கிருமிக்கு ஒன்றும் மிஞ்சாது. மரம், ஜிப்சம் பலகை மாதிரி நீர் ஊறும் பரப்புகளில் பூஞ்சையின் நிறத்தை வெளுத்துவிட்டு வேரை உள்ளேயே விட்டுவிடும், பார்ப்பதற்குச் சுத்தமாகத் தெரிவதுதான் ஆபத்து. டைல்ஸ், சிமெண்டுத் தரை, கழிப்பறை இவற்றைச் சோப்பால் கழுவியபின் ப்ளீச் போடலாம். அதுவும் சுமார் 3.8 லிட்டர் தண்ணீருக்கு 240 மில்லிக்கு மேல் வேண்டாம், குளிர்ந்த நீரில் அன்றன்றைக்குக் கலக்க வேண்டும். அமோனியா உள்ள கண்ணாடி துடைப்பானோடோ, அமிலம் உள்ள கழிப்பறைத் திரவத்தோடோ ப்ளீச்சைச் சேர்த்தால் நச்சு வாயு கிளம்பும், ஒரே வாளியை அடுத்தடுத்துப் பயன்படுத்துவதுகூட வேண்டாம். கழிவுநீர் கலந்த வெள்ளத்தில் ஊறிய மெத்தை, தலையணை, பஞ்சுப் பொம்மைக்கு எந்த மருந்தும் இல்லை, தூக்கிப் போடத்தான் வேண்டும்.

எரிந்த வீட்டுக்குக் கதை வேறு. அங்கே தண்ணீர்தான் எதிரி. கரி படிந்த சுவரிலோ படச்சட்டத்திலோ ஈரத்துணியை வைத்தால் கரி உள்ளே இறங்கிக் கறையாகிவிடும். முதலில் புகைக்கரி துடைக்கும் உலர் ரப்பர் பஞ்சு, அதன்பிறகே தண்ணீர். சாதாரண வேக்கம் கிளீனர் உள்ளே இழுத்த சாம்பலைப் பின்பக்கம் ஊதிவிடும், நுண்ணிய தூசியையும் பிடித்துவைக்கும் ஹெபா வடிகட்டி உள்ளது கிடைக்காவிட்டால் வேக்கமே வேண்டாம். சாம்பல் நனைந்தால் தோலை அரிக்கும் காரமாகிவிடும் என்பதால் அங்கேயும் கையுறையைக் கழற்றாதீர்கள்.

நனைந்த போனையும் லேப்டாப்பையும் ஓடுகிறதா என்று பார்க்க ஆன் செய்வதுதான் அவற்றைக் கொல்வது. அரிசியில் புதைப்பதால் லாபமில்லை, தூசியும் மாவும்தான் துளைக்குள் போகும். ஹார்ட் டிஸ்க்கில் முக்கியமான தரவு இருந்தால் உலர்த்தாமலேயே ஈரத்தோடு ஜிப் பையில் மூடி, தரவு மீட்பவர்களிடம் கொடுங்கள். வெள்ள நீர் உள்ளேயே காய்ந்தால் அதன் படிவு தட்டில் ஒட்டிக்கொள்ளும்.

எதையும் நகர்த்தும் முன் எல்லா அறையையும் போனில் படம் எடுத்துவிடுங்கள், காப்பீட்டுக்கும் நிவாரணத்துக்கும் கேட்பார்கள். ஒவ்வொரு பையிலும் ஒரு சீட்டு, அதில் என்ன பொருள், எந்த அறை, என்ன தேதி என்று பென்சிலால் எழுதுங்கள், பேனா மை கரைந்துவிடும். பைகள் வாங்கும்போது இரண்டு நிறமாகப் பார்த்து வாங்குங்கள்: குப்பைக்குக் கறுப்பு, காப்பாற்றுவதற்கு உள்ளே இருப்பது தெரியும் கண்ணாடிப் பை. உதவிக்கு வருபவர்கள் நல்ல மனதோடு வேகவேகமாக வெளியே தூக்கிப் போடுவார்கள், கறுப்புப் பைக்குள் இருந்த பாஸ்போர்ட்டும் பட்டச் சான்றிதழும் குப்பை வண்டியில் ஏறிவிடும். வந்ததும் அவர்களிடம் முதலில் சொல்ல வேண்டியது, கண்ணாடிப் பையை யாரும் தொடக்கூடாது என்பது.